புதிய காருக்குப் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

நெடுந்தூரப் பயணி எழுதியது:

வணக்கம். இன்னும் பத்து நாட்களில் என் புதிய கார் கைக்கு வருகிறது. நிறம் அடர்நீல மெட்டாலிக். முன்பணம் கட்டிய நாளிலிருந்தே ஷோரூமில், வண்டி முழுவதற்கும் பி.பி.எஃப். எனப்படும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டியே தந்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டெலிவரிக்கு முன்பே முடிவைத் தெரிவிக்க வேண்டுமாம். செலவு சிறியதல்ல என்பதால் உடனே சரி என்று சொல்ல மனம் வரவில்லை. முந்தைய வண்டியில் பட்ட வருத்தத்தை மறந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அந்த வண்டியை ஏழு ஆண்டுகள் வைத்திருந்தேன். நாள்தோறும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதில் பெரும்பகுதி கனரக லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. மூன்றாவது ஆண்டிலேயே பானெட்டின் முன்விளிம்பில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரியத் தொடங்கின. ஐந்தாவது ஆண்டில் அவற்றில் இரண்டு மூன்று துருப்பிடித்தன. பானெட்டை மறுபடி பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நிழலில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது; வெயிலில் நிறுத்தினால் பானெட் ஒரு நிறம், பக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டர் வேறு நிறம். அதன்பிறகு அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் நேராக அங்கேதான் போகும்.

புதிய வண்டியை எட்டு ஆண்டுகளாவது வைத்திருக்க எண்ணியிருக்கிறேன். வீட்டில் கூரையுள்ள நிறுத்துமிடம் உண்டு. பணியிடத்தில் பகல் முழுவதும் மரத்தடியில் நிற்கும். பறவை எச்சம் விழாத நாள் குறைவு. லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை இந்த ஃபிலிம் உண்மையிலேயே தாங்குமா? செராமிக் கோட்டிங் ஒன்றே போதும் என்கிறார் நண்பர் ஒருவர், அது சரியா? முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டுமா, முன்பக்கம் மட்டும் போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, சில ஆண்டுகள் கழித்து ஃபிலிமைக் கழற்றும்போது அடியிலுள்ள பெயிண்ட்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடுமோ என்ற அச்சம்தான் என்னை அதிகம் தயங்க வைக்கிறது. ஒட்டியவர்களும் ஒட்டாமல் விட்டவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஃபிலிம் ஒட்டுநர் எழுதியது:

வணக்கம் நண்பரே. பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஒட்டச் சொல்வது என் தொழில் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு ஃபிலிம் தேவை, ஆனால் முழு வண்டிக்கும் தேவையில்லை என்பது என் கருத்து.

முதலில் கல் விஷயம். தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயிண்ட், அடிப்பூச்சிலிருந்து மேலேயுள்ள நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கலாம். நல்ல பி.பி.எஃப். 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. அதாவது, வண்டியின் மொத்தப் பெயிண்ட்டைவிடத் தடித்த ஓர் அடுக்கை அதன்மேல் போர்த்துகிறோம். தடிமனைவிட முக்கியமானது அது செய்யப்பட்ட பொருள். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமாக டி.பி.யூ., ரப்பரைப் போல அமுங்கி மீளும் தன்மையுடையது. பெயிண்ட் இறுகிய பொருள். கல் பட்டால் அந்த விசை ஒரு புள்ளியில் இறங்கிப் பெயிண்ட்டைச் சில்லாகப் பெயர்க்கிறது. ஃபிலிம் அமுங்கும்போது அதே விசை சுற்றிலும் பரவி வலுவிழக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்கப் பயன்பட்ட பாலியூரித்தேன் படலத்திலிருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது.

எல்லாக் கல்லையும் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் விழும் அடியைவிட 100 கிலோமீட்டரில் விழும் அடி ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றல் கொண்டது. கூர்முனையுள்ள ஜல்லி அந்த வேகத்தில் நேராக வந்தால் ஃபிலிம் கிழியும், சில சமயம் அடியிலுள்ள பெயிண்ட்டிலும் பள்ளம் விழும். ஆனால் உங்கள் பழைய பானெட்டை உப்புத் தூவியதுபோல் ஆக்கியவை பெரிய கற்கள் அல்ல. நாள்தோறும் பட்ட சிறு பொடிக்கற்கள்தான். அவற்றை இந்த ஃபிலிம் நன்றாகவே தாங்கும்.

செராமிக் கோட்டிங்கைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அது சில மைக்ரானுக்குள் அடங்கும் மிக மெல்லிய கண்ணாடி போன்ற படிவு. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும், அழுக்கு எளிதில் கழுவப்படும், பளபளப்பு நிற்கும். கல்லுக்கு முன்னால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இனி எங்கே ஒட்டுவது என்பது. உங்கள் பழைய வண்டியின் கூரையிலோ, பின்கதவிலோ, கதவுகளின் நடுப்பகுதியிலோ கல் பட்ட தடம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கல் படும் இடங்கள் முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகளின் வெளிமூடி, முன்கண்ணாடியின் இருபுறத் தூண்கள், சக்கரங்களுக்குப் பின்னால் கதவுகளின் கீழ்ப்பகுதி ஆகியவை. கை படும் இடங்கள் கதவுக் கைப்பிடிக்கு உட்புறமுள்ள குழி, கதவின் விளிம்பு, சாமான் ஏற்றும்போது உரசும் பின் பம்பரின் மேற்பகுதி. இவ்வளவுதான் உங்களுக்குத் தேவை. பானெட்டில் மட்டும் ஒன்றை வலியுறுத்துவேன்: முன்பாதி மட்டும் ஒட்டுவதை ஏற்காதீர்கள். நடுவில் ஒரு கோடு நிற்கும். அடர்நிற வண்டியில் அந்தக் கோட்டில் பாலிஷின் வெண்துகள் தங்கித் தங்கி, தூரத்திலிருந்தே தெரியும். ஒட்டினால் முழு பானெட்டுக்கும் ஒட்டி, விளிம்பை உள்புறம் மடித்துவிடச் சொல்லுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையைவிட உள்ளே இருப்பதைக் கேளுங்கள். பி.வி.சி. ஃபிலிமையும் சிலர் பி.பி.எஃப். என்றே விற்கிறார்கள். அதை வளையச் செய்யும் சேர்மானப் பொருள் வெயிலில் நாளடைவில் வெளியேறிவிடுவதால், படலம் விறைத்து, மஞ்சளாகி, வெடிக்கும். டி.பி.யூ.விலும் இரண்டு வகை உண்டு: அரோமேட்டிக் வகை புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும், அலிஃபாட்டிக் வகை வெகுநாள் நிறம் மாறாமல் நிற்கும். சிறு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டி.பி.யூ. நீண்டு, விட்டதும் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும், பி.வி.சி. விறைப்பாக இருக்கும், நீண்டால் நீண்டபடியே நிற்கும். தானே ஆறும் ஃபிலிம் என்று சொல்வதும் உண்மைதான், ஆனால் ஓர் எல்லைக்குள். மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ மறையும். சாவியால் கிழித்த காயம் மறையாது.

கழற்றும்போது பெயிண்ட் வருமா என்ற கேள்விக்கு: தொழிற்சாலைப் பெயிண்ட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். அது நல்ல ஃபிலிமோடு உரிந்து வருவது மிக அரிது. ஆபத்து, பட்டறையில் பிற்பாடு அடித்த பெயிண்ட்டில்தான் இருக்கிறது.

கறுப்புக் கார் எழுதியது:

மேலே கடைசியாகச் சொல்லப்பட்டது என் வண்டியில் நடந்தது என்பதால் எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் புதிய வண்டி எடுத்து, மறுநாளே ஒரு கடையில் முழு வண்டிக்கும் ஃபிலிம் ஒட்டினேன். கடையின் பெயரைச் சொல்வது என் நோக்கமல்ல. ஒட்டிய அன்று பார்த்தபோது கண்ணாடி போல இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு சிறு மோதலில் முன் பம்பரின் ஃபிலிமை மாற்ற வேண்டி வந்தது. அதைக் கழற்றியபோதுதான் பானெட்டை ஒட்டிய ஃபெண்டர் விளிம்பிலும், ஹெட்லைட்டைச் சுற்றியும், பெயிண்ட்டின் மேலேயே பிளேடால் கீறிய கோடுகளைப் பார்த்தேன். ஃபிலிமை வண்டியின்மேல் விரித்து வைத்து, அங்கேயே வெட்டியிருக்கிறார்கள். மனம் நொந்துபோனேன். கல் விழாமல் காக்க வேண்டிய பொருளை ஒட்டும்போதே பெயிண்ட்டைக் கிழித்திருக்கிறார்கள். அதுவும் ஃபிலிம் மூடியிருந்த காலம் முழுவதும் எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது இழப்பு வலது முன்கதவில். ஓராண்டுக்குப் பின் அந்தக் கதவின் ஃபிலிமையும் கழற்றினோம். உள்ளங்கை அளவுக்குக் கிளியர் கோட் ஃபிலிமோடு வந்துவிட்டது. மற்ற கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது மற்ற இடங்களில் 120 மைக்ரான் அளவில் காட்டியது, அந்தக் கதவின் மீதிப் பகுதியில் 260 காட்டியது. என்னிடம் வண்டி வருவதற்கு முன்பே, எங்கோ உரசி, அந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

ஆகவே, நெடுந்தூரப் பயணி அவர்களே, நீங்கள் ஒட்டுகிறீர்களோ இல்லையோ, டெலிவரி எடுக்கும்முன் ஒவ்வொரு உலோகப் பாகத்தையும் அந்தக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாகம் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக வேறுபட்டால் காரணம் கேளுங்கள். ஃபிலிம் ஒட்டிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வழியே இருக்காது. டெலிவரிக்கு முன்பே ஒட்டித் தருகிறோம் என்று ஷோரூமில் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்: ஃபிலிமுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு வேண்டும்.

மெல்ல ஓட்டுபவர் எழுதியது:

நான் ஒட்டாமல் விட்டவன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு வெள்ளை வண்டியை வைத்திருக்கிறேன். கல் தழும்புகள் இருக்கின்றன, ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை.

மூன்று வழக்கங்கள்தான் காரணம். முன்னால் லாரி போனால் நன்றாகப் பின்தங்கிவிடுவேன். புதிதாக ஜல்லி கொட்டிய சாலையில் வேகத்தைக் குறைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவிய பின் பானெட்டைக் கூர்ந்து பார்ப்பேன். புதிய புள்ளி இருந்தால், அந்த இடத்தைச் சுத்தம் செய்து, வண்டியின் நிறக் குறியீட்டுக்குரிய டச்-அப் பெயிண்ட்டைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைப்பேன். பம்பர் பிளாஸ்டிக், அதில் பெயிண்ட் போனாலும் துருப்பிடிக்காது, அழகுக்குறை மட்டுமே. எஃகு பானெட்டில் பெயிண்ட் அடிவரை பெயர்ந்தால்தான் துரு வரும். அதையும் அந்த வாரத்திலேயே மூடிவிட்டால் போதும். உங்கள் பழைய வண்டியில் துரு வந்தது கல்லால் மட்டுமல்ல, புள்ளிகள் இரண்டு ஆண்டுகள் திறந்து கிடந்ததாலும்தான் என்று நினைக்கிறேன். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வண்டியின் வெள்ளை சாதாரண ஒற்றை நிறம். தொட்டு வைத்த புள்ளி எளிதில் தெரியாது. மெட்டாலிக்கில் உலோகத் துகள்கள் படியும் விதத்தைப் பொறுத்தே நிறம் தெரியும் என்பதால், குச்சியால் தொட்டு வைத்தால் அந்த இடம் தனித்து நிற்கும். பானெட்டும் ஃபெண்டரும் உங்களுக்கு வெயிலில் வேறுபட்டுத் தெரிந்ததும் இதனால்தான் இருக்க வேண்டும். உங்கள் நிறத்துக்கும் உங்கள் சாலைக்கும் என் வழி முழுமையாகப் பொருந்தாது.

நெடுந்தூரப் பயணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. புள்ளிகளை நான் திறந்தே விட்டது உண்மைதான். அவை துருவாகும் என்று அப்போது தெரியாது. தடிமன் அளக்கும் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. ஷோரூமில் நேற்றே கேட்டேன், அளந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். முழு வண்டிக்கு ஒட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இன்னும் சில ஐயங்கள். இந்த வண்டியின் முன் பம்பரில் பார்க்கிங் சென்சார்களும், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடாரும் இருக்கின்றன. ஃபிலிம் அவற்றுக்கு இடையூறு செய்யுமா? பிளேடு படாமல் ஒட்ட வழி உண்டா? பத்து ஆண்டு வாரண்டி என்று சொல்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

ஃபிலிம் ஒட்டுநர் எழுதியது:

கறுப்புக் கார் அவர்களுக்கு நேர்ந்ததைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் இது நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. என் அனுபவத்தில் கெட்டுப்போன வேலைகளில் பெரும்பாலானவை ஃபிலிமின் குறையால் கெட்டவை அல்ல. கையின் குறையால் கெட்டவை.

பிளேடு படாமல் ஒட்ட வழி உண்டு. அந்த மாடலின் அளவுகளைக் கணினியில் வைத்துக்கொண்டு, பிளாட்டர் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டி, வெட்டிய துண்டைக் கொண்டுவந்து ஒட்டுவது ஒரு முறை. விரித்து வைத்துக் கையால் வெட்டுவது இன்னொரு முறை. இரண்டாவதிலும் தேர்ந்த கை இருந்தால், வெட்டும் இடத்தில் அடியில் ஒரு மெல்லிய நூல்நாடாவை முன்பே ஒட்டி, பிளேடே இல்லாமல் அந்த நூலால் ஃபிலிமை அறுத்தெடுக்கலாம். “என் வண்டியின்மேல் பிளேடு வைப்பீர்களா, எங்கெல்லாம்?” என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் இடம் இடமாகச் சொல்பவரிடம் கொடுக்கலாம். முடிந்தால், அவர் ஒட்டி ஈராண்டு ஆன ஒரு வண்டியைப் பார்க்கக் கேளுங்கள். அன்றைக்கு ஒட்டிய வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூலைகள் எழும்பியிருக்கின்றனவா, வளைவுகளில் இழுத்த கோடுகள் தெரிகின்றனவா என்பது நாள் சென்ற வண்டியில்தான் தெரியும். வளைவில் அளவுக்கு மேல் இழுத்து ஒட்டிய ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் மூலை எழும்புகிறது.

ஒட்டும் இடமும் முக்கியம். தூசி அடங்கிய மூடிய அறை வேண்டும். அதற்கு முன் இதற்கென்றே உள்ள களிமண் கட்டியால் பெயிண்ட்டில் ஒட்டிய துகள்களை எடுத்து, சுழல் கீறல்கள் இருந்தால் பாலிஷ் செய்து, துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும். புதிய வண்டிதானே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். கிடங்கில் நின்று, பலமுறை அவசரமாகக் கழுவப்பட்டு வரும் புதிய வண்டியில் கீறல்கள் சாதாரணமாகவே இருக்கும். மேலே ஒட்டிவிட்டால் அவை அடியில் நிலையாகச் சிறைப்பட்டுவிடும். அடர்நீலத்தில் அது நன்றாகத் தெரியும்.

பார்க்கிங் சென்சார்கள் மீயொலி அலையால் வேலை செய்பவை. அவற்றின் முகத்தை ஃபிலிம் மூடக்கூடாது, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாக வெட்டிவிட வேண்டும். ரேடாரைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியோடு வரும் கையேட்டைப் பாருங்கள். அந்தப் பகுதியில் எதையும் ஒட்டக்கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தால் அந்தச் சிறு பகுதியை விட்டுவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஃபிலிமுக்காகப் பாதுகாப்பு அமைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

வாரண்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பெரும்பாலும் மஞ்சளாதல், வெடித்தல், தானே உரிதல், குமிழ் எழுதல் ஆகியவற்றுக்கு மட்டுமே. கல் பட்டுக் கிழிந்தால் பொருந்தாது. ஃபிலிம் ரோலின் வரிசை எண் வாரண்டி அட்டையில் இருக்க வேண்டும், அந்த எண்ணைத் தயாரித்த நிறுவனத்திடம் நீங்களே சரிபார்க்க முடிய வேண்டும். கடைக்காரரின் கையெழுத்து மட்டும் உள்ள அட்டை, அந்தக் கடை இருக்கும்வரைதான். இன்னொன்று: பத்து ஆண்டு வாரண்டி என்பதற்காகப் பத்து ஆண்டுகள் விட்டுவைக்காதீர்கள். பகல் முழுவதும் வெளியில் நிற்கும் வண்டியில் ஏழாம், எட்டாம் ஆண்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. காலம் கடந்த ஃபிலிம் ஒரே தாளாக வராமல் துண்டு துண்டாகக் கிழியும், பசை பெயிண்ட்டிலேயே தங்கிவிடும். கழற்றும்போது நீராவியாலோ மிதமான சூட்டாலோ பசையை இளக்கி, மேல்நோக்கி இழுக்காமல், பரப்பை ஒட்டித் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும்.

நெடுந்தூரப் பயணி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். டெலிவரியை ஃபிலிம் இல்லாமல் எடுக்கிறேன். அளந்து பார்த்து, எல்லாப் பாகமும் சரியாக இருந்தால், வெளியில் முன்கூட்டியே வெட்டி ஒட்டுபவர் ஒருவரிடம் முன் பம்பர், முழு பானெட், ஃபெண்டர்கள், கண்ணாடி மூடிகள், தூண்கள், கதவுகளின் கீழ்ப்பகுதி, கைப்பிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டப் போகிறேன். அவர் ஒட்டி மூன்று ஆண்டுகள் ஆன ஒரு வண்டியை நேற்று மாலை பார்த்தேன்; மூலைகளில் விரலை வைத்துத் தடவியபோது விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. டச்-அப் பெயிண்ட் ஒரு குப்பியும் சேர்த்தே வாங்குகிறேன், ஒட்டாத பாகங்களுக்காக. ஒட்டிய பின் எத்தனை நாள் கழித்துக் கழுவலாம், மரத்தடியில் நிறுத்தலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஃபிலிம் ஒட்டுநர் எழுதியது:

ஒரு வாரம் கழுவ வேண்டாம். முதல் சில நாட்களில் அங்கங்கே சிறு நீர்க்குமிழ்கள் தெரிந்தால் பதற வேண்டாம், ஊசியால் குத்தவும் வேண்டாம். ஒட்டப் பயன்பட்ட நீர் மெல்ல ஆவியாகி இரண்டு மூன்று வாரங்களில் அவை தாமாகவே போய்விடும். அதன்பிறகும் போகாத குமிழ் இருந்தால் அது காற்றோ தூசியோதான். அதைக் கடையில் காட்டுங்கள். உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவும்போது விளிம்புகளை நோக்கி அருகிலிருந்து அடிக்க விடாதீர்கள்.

மரத்தடியில் நிறுத்தலாம். ஆனால் பறவை எச்சத்தை ஃபிலிம் இருக்கிறதே என்று மாலை வரை விட்டுவைக்க வேண்டாம். வெயிலில் காய்ந்தால் அது ஃபிலிமின் மேற்பூச்சிலும் கறையாக இறங்கும். வண்டியில் ஒரு புட்டித் தண்ணீரும் மென்மையான துணியும் வைத்திருங்கள். எச்சத்தின்மேல் ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.